நான் கத்தலை

எனக்குப் பதின்மூன்று வயது, தம்பிக்கு ஒன்பது. சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு ஆற்றில் இறங்கினான். கால் வழுக்கிய இடம் படிக்கட்டிலிருந்து பத்தடிகூட இருக்காது. நான் வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. காலும் நகரவில்லை. யாரோ பார்த்துக் குதித்துத் தூக்கி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அப்போதும் சட்டை என் கையில்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம், "பாவம், இவ கத்திக் கத்தித்தான் ஆளுங்க ஓடி வந்தாங்க" என்று பெரியவர்கள் சொன்னார்கள். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று யாரோ ஆரம்பித்த பேச்சு. அதை மறுக்க எனக்குத் தைரியம் இல்லை. மூன்று வருஷம் அந்தப் பொய்க்குள்ளேயே இருந்தேன்.

வாளியில் தண்ணீர் நிரம்பும் சத்தம் கேட்டால் வயிறு சுருண்டுகொள்ளும். வகுப்பில் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தும் வாய் திறக்காது. மார்க் இறங்கியது. யாராவது தோளைத் தொட்டால் எரிந்து விழுவேன். "திமிர் ஏறிப்போச்சு" என்றார்கள். அந்தப் பேர் எனக்கு வசதியாகத்தான் இருந்தது, திமிர் பிடித்தவளிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.

பதினாறு வயதில், மதிய இடைவேளைகளில் பள்ளி நூலகத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். நூலக டீச்சர் பழைய புத்தகங்களுக்கு அட்டை போடுவார், நான் பசை தடவிக் கொடுப்பேன். ஒருநாள் தலை நிமிராமலே, "குழாய்ப் பக்கம் நீ போறதே இல்லையே, ஏம்மா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. அவர் மறுபடி கேட்கவும் இல்லை. மறுநாளும் எனக்காகப் பசை டப்பாவை எடுத்து வைத்திருந்தார்.

ஒரு மாதம் கழித்திருக்கும். ஒரு துண்டுச் சீட்டின் பின்பக்கம் 'நான் கத்தலை' என்று எழுதி அவர் பக்கம் நகர்த்தினேன். மூன்று வருஷத்தில் என்னால் முடிந்தது அந்த இரண்டு வார்த்தைதான். படித்தார். கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "இன்னும் சொல்லணுமா, இன்னைக்கு இது போதுமா?" என்றார். "போதும் டீச்சர்." மணி அடித்தும் அவர் எழுந்திருக்கவில்லை, நானும்தான்.

'இத்தனை நாள் ஏன் சொல்லலை?' என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் அத்தோடு வாயை மூடியிருப்பேன். இன்றைக்கும் பிள்ளைகளிடம் பெரியவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். தயவுசெய்து கேட்காதீர்கள்.

மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். என் சம்மதம் கேட்டுத்தான் மனநல ஆலோசகரிடம் கூட்டிப்போனார். பேராபத்தில் உடம்பு சண்டை போடும், இல்லை ஓடும், இல்லை உறைந்து நின்றுவிடும், இதில் எது என்பதை நாம் உட்கார்ந்து யோசித்து முடிவு செய்வதில்லை என்றார் ஆலோசகர். உறைந்து நிற்கும்போது குரலும் வராமல் போகும். நான் கோழை என்றல்லவா நினைத்திருந்தேன். அதற்கு ஒரு பெயர் இருந்தது.

சொன்னதும் பாரம் இறங்கிவிடும் என்பார்களே, எனக்கு அப்படி இல்லை. அன்று இரவு தூக்கமே இல்லை, ஏன்தான் சொன்னோமோ என்று அழுதேன். பின்னாளில் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் படித்தேன். கல்லூரி மாணவர்களை நான்கு நாள், தினம் 15 நிமிடம் எழுத வைத்தார்கள். தங்களை உலுக்கிய சம்பவத்தையும் அப்போது பட்ட பாட்டையும் சேர்த்து எழுதியவர்களுக்கு, எழுதி முடித்த கையோடு மனம் கனத்துத்தான் போயிருக்கிறது. ஆனால் அடுத்து வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போனது குறைந்திருக்கிறது. அந்த இரவைப் பற்றி யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். அதனால்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

அம்மாவிடம் சொன்னதுதான் கடைசி. துணி மடித்துக்கொண்டிருந்தாள். "நான் கத்தலைம்மா. நின்னுட்டேன்." அம்மா ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் என் முகத்தையே பார்க்கவில்லை. அந்த இரண்டு நாளைப் பற்றி எழுத இன்னும் என்னால் முடியவில்லை.

மூன்றாம் நாள் ராத்திரி என் பக்கத்தில் வந்து படுத்தாள். "அவன் கடைசியா என்ன சொன்னான்?" மூன்று வருஷத்தில் அதை என்னிடம் யாருமே கேட்டதில்லை.

"சட்டையைப் பிடிக்கா, நனைஞ்சிரும்னு சொன்னாம்மா."

"இன்னொரு தடவை சொல்லு" என்றாள். சொன்னேன்.