துப்பட்டாவுக்கு அடியில் பருக்கள்: சாலிசிலிக் அமிலத்துடன் என் அனுபவம்

மதுரையிலிருந்து மேலூர், அழகர்கோவில் பக்கத்து ஊர்களுக்குச் சென்று மகளிர் குழுக் கடன்களுக்குத் தவணை வசூலிப்பது என் வேலை. நாளொன்றுக்கு நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் ஸ்கூட்டியில் அலைய வேண்டியிருப்பதால், துப்பட்டாவை முகத்தைச் சுற்றி இறுகக் கட்டி, அதன்மேல் ஹெல்மெட்டை மாட்டிக்கொள்வேன். வெயிலுக்கு அது நல்ல மறைப்புத்தான். ஆனால் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் ஈரத்துணியின் உராய்வும் சேர்ந்து தாடையோரத்திலும் நெற்றியிலும் பருக்களை ஓயாமல் கிளப்பிக்கொண்டிருந்தன. ஒரு பரு அடங்கினாலும் அது இருந்த இடத்தில் கருமை இரண்டு மூன்று மாதம் தங்கிவிடும். மாநிறத் தோலில் வீக்கம் ஆறும்போது நிறமி கூடுதலாக உண்டாவதே அதற்குக் காரணம் என்று பின்னர்தான் தெரிந்துகொண்டேன். அம்மா எல்லாவற்றையும் உடம்புச் சூட்டின் கணக்கில் சேர்த்து, ஊறவைத்த வெந்தயத்தையும் வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலையும் விதித்தார். தலையிலிருந்து வழிந்த நல்லெண்ணெயால் நெற்றியில் இன்னும் நான்கு பருக்கள் கூடியதுதான் மிச்சம்.

சென்ற ஆண்டு மாசி மாதத்தில் பருக்களுக்காக 2 சதவீத சாலிசிலிக் அமிலம் கலந்த சீரம் ஒன்றை வாங்கினேன். அதோடு நிற்காமல், அதே அமிலம் உள்ள ஃபேஸ் வாஷையும் கிளைகாலிக் அமிலம் உள்ள டோனரையும் சேர்த்து வாங்கி, மூன்றையும் காலை, இரவு என இரு வேளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பயன்படுத்தினேன். மூன்று நாள் முகம் பளபளத்தது. தோல் தேறி வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஐந்தாம் நாள் காலையில் வெறும் குழாய்த் தண்ணீர் பட்டதற்கே எரிந்தது. கண்ணாடியில் பார்த்தபோது கன்னம் பிளாஸ்டிக் தாளைப் போல இறுகி மின்னியது; மூக்கின் ஓரங்களில் தோல் பொருக்குப் பொருக்காக உரிந்திருந்தது. அடுப்பில் கொதிக்கும் ரசத்தின் ஆவி பட்டால்கூட முகம் காந்தியது. அந்த நிலையிலும் இரண்டு நாள் வெயிலில் வசூலுக்குப் போனேன். இரு கன்னத்து மேட்டிலும் பழுப்புத் திட்டு விழுந்துவிட்டது.

தோல் மருத்துவரிடம் போனபோது, வாங்கிய புட்டிகளையெல்லாம் எடுத்துச் சென்று மேசையில் வைத்தேன். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்துவிட்டு, "இதுல எதுவுமே தப்பான மருந்து இல்லம்மா, ஆனா மூணையும் ஒரே முகத்துல போட்டிருக்கீங்களே" என்றார். கிளைகாலிக் அமிலம் நீரில் கரைவதால் பெரும்பாலும் தோலின் மேற்பரப்பில் இறந்த செல்களைத் தளர்த்துகிறது. சாலிசிலிக் அமிலமோ எண்ணெயில் கரைவதால், மயிர்க்கால் துளைக்குள் இறங்கி, அங்கே கொழுப்பும் இறந்த செல்களும் சேர்ந்து அடைத்திருக்கும் கட்டியை இளக்குகிறது. என் மூக்கின் கரும்புள்ளிகளுக்கும் (பிளாக்ஹெட்ஸ்) பருக்களுக்கும் இரண்டாவது ஒன்றே போதும் என்றும், அதையும் இப்போது தொடக்கூடாது என்றும் சொன்னார். ஆஸ்பிரின் மாத்திரை ஒத்துக்கொள்ளாதா, கர்ப்பமாக இருக்க வாய்ப்புண்டா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். ஆஸ்பிரினும் இந்த அமிலமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது எனக்குப் புதிய செய்தி. மூன்று வாரம் நுரை அதிகம் வராத மென்மையான கிளென்சர், செராமைடு (தோலின் ஈரத்தைக் காக்கும் ஒரு வகைக் கொழுப்பு) உள்ள மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் ஆகியவற்றைத் தவிர முகத்தில் வேறெதுவும் படவில்லை. எரிச்சல் பத்தே நாளில் நின்றது.

பங்குனியில் மறுபடி தொடங்கினேன். திங்கள், வியாழன் ஆகிய இரண்டு இரவுகள் மட்டும், முகம் கழுவி நன்றாக உலர்ந்த பிறகு மூன்று சொட்டு, அதன்மேல் மாய்ஸ்சரைசர். லேசான சுருக்கென்ற உணர்வு அரை நிமிடத்தில் அடங்கிவிடும். மூன்றாம் வாரம் நெற்றியில் பொடிப்பொடியாக வெண்முனைப் பருக்கள் கிளம்பின. உள்ளே அடைந்து கிடந்தவை முன்கூட்டியே மேலே வரும் என்று டாக்டரம்மா முதலிலேயே சொல்லியிருந்தார். வழக்கமாக வரும் இடத்தில் வந்து விரைவில் அடங்கினால் தொடரலாம், புதிய இடத்தில் அரிப்பும் சிவப்புமாக வந்தால் நிறுத்திவிட வேண்டும் என்பது அவர் சொன்ன அடையாளம். ஆனால் சித்திரையில் சித்தி மகள் திருமணம். பந்தலில் நின்ற சொந்தங்கள் ஒருவர் விடாமல் என் நெற்றியைப் பற்றிப் பேசிய அன்றிரவு, சீரத்தைக் குப்பையில் போடும் அளவுக்குப் போய்விட்டேன். ஆறாம் வாரத்தில் அவை அடங்கின.

அமிலத்தைவிட என்னைப் படுத்தியது சன்ஸ்கிரீன்தான். இரண்டு விரல் நீளத்துக்குப் பிழிந்து பூச வேண்டும். நண்பகலில் மீண்டும் ஒருமுறை. குழுக் கூட்டம் நடக்கும் வீட்டின் குழாயடியில் முகத்தைக் கழுவித் துடைத்து நான் பூசிக்கொள்வதைப் பார்த்த பாட்டி ஒருவர், "ஏத்தா, மூஞ்சில எதுக்கு மாவ அப்புற?" என்று கேட்டார். அடுத்த மாதத்துக்குள் வெள்ளை படியாத ஜெல் வகைக்கு மாறிக்கொண்டேன். துப்பட்டாவையும் தினமும் துவைத்தேன். முன்பு வாரம் முழுக்க ஒன்றையே கட்டியிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பன்னிரண்டாம் வாரத்தில் மூக்கின்மேல் விரலை ஓட்டினால் நறநறப்பு இல்லை. பருக்கள் மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் ஒன்றிரண்டாகக் குறைந்திருந்தன. கருமைதான் முழுதாக மறையவில்லை. அதற்காக, அக்னி நட்சத்திரம் கழிந்த பின், மருத்துவமனையிலேயே 20 சதவீத சாலிசிலிக் பீல், அதாவது அமிலம் பூசி மேல்தோலை உரியவைக்கும் சிகிச்சை, ஒருமுறை செய்துகொண்டேன். ஸ்பிரிட்டால் முகத்தைத் துடைத்துவிட்டுத் தூரிகையால் பூசினார்கள். பச்சை மிளகாய் நறுக்கிய கையால் முகத்தைத் தொட்டது போல இரண்டு நிமிடம் தகித்தது. செவிலியர் கையில் சிறு மின்விசிறியைப் பிடித்துக் காற்றுக் காட்டிக்கொண்டே நின்றார். பிறகு முகம் மரத்துப்போய், உப்பளத்தில் உப்புப் பூப்பது போல வெள்ளைப் பொடி படர்ந்தது. அது அமிலம் காய்ந்து படிகமாவது மட்டுமே என்று சொல்லி, தண்ணீரால் துடைத்தெடுத்தார்கள். மூன்றாம் நாள் வாயோரத்தில் வெங்காயச் சருகு போலத் தோல் உரிந்தது. பிய்த்து எடுக்கக் கை பரபரத்தாலும், பிய்த்தால் அங்கே புதிய கருமை விழும் என்ற எச்சரிக்கை நினைவில் இருந்ததால் விட்டுவிட்டேன்.

கருமை இப்போது பாதிக்கு மேல் மங்கிவிட்டது. இடது கன்னத்தில் கல்லூரிக் காலத்தில் கிள்ளியெடுத்த இரண்டு பருக்களின் குழிகள் அப்படியே இருக்கின்றன; இந்த அமிலத்தால் அவை மேடேறா என்று டாக்டரம்மா முன்பே சொல்லிவிட்டார். திங்களும் வியாழனும் மூன்று சொட்டு தொடர்கிறது. மாசியில் திறந்த புட்டியில் இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது.