எக்ஸ்ரே படமும் பால் பாக்கெட்டும்

மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாத (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) நோயாளிகளுக்கு இயன்முறை மருத்துவம் அளிப்பது என் தொழில். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர், ஸ்கேன் சென்டரின் பெயர் அச்சிட்ட பெரிய உறை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். அதற்குள் இரண்டு கைகளின் எக்ஸ்ரே படம் இருக்கும். உட்கார்ந்ததும் அவர்கள் கேட்பது, "படத்துல எப்படி இருக்கு மேடம்?" என்பது. நான் பதிலுக்குக் கேட்பது, "காலையில வீட்டுல பால் பாக்கெட்டைப் பிரிக்கிறது யாரு?" என்பது. இவ்விரண்டு கேள்விகளுக்கும் கிடைக்கும் விடைகள் பல நேரங்களில் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. அவை ஏன் பொருந்துவதில்லை, நோயின் எந்தக் கட்டத்தில் எதற்கு எவ்வளவு எடை கொடுக்க வேண்டும் என்பதைப் பற்றி வெகுநாட்களாக எழுத நினைத்திருந்தேன்.

நோய் தொடங்கிய புதிதில் இந்தப் பொருத்தமின்மை வீட்டுக்குள் சண்டையாகவே வெடிப்பதுண்டு. முப்பதைத் தாண்டிய ஒரு பெண். தையல் தொழில் செய்பவர். சில மாதங்களாக விரல்களின் அடி மூட்டுகளும் மணிக்கட்டும் வீங்கி, கத்தரிக்கோலின் வளையத்துக்குள் கட்டைவிரலை நுழைக்கவே முடியாமல் இருந்தார். எக்ஸ்ரேயில் எலும்புகள் அத்தனையும் ஒழுங்காக இருந்தன. உடன் வந்த கணவர், "படத்துல ஒண்ணுமே இல்லைங்கறாங்க, இவதான் வலிக்குது வலிக்குதுன்னு சொல்றா" என்றார். அவர் மனைவியைக் குறை சொன்னாலும், தவறு அந்தப் படத்திடம் அவர் எதிர்பார்த்ததில்தான் இருந்தது. முடக்குவாதம் எலும்பில் தொடங்குவதில்லை. மூட்டின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வில் தொடங்குகிறது. அந்தச் சவ்வு அழற்சியால் தடித்து, மூட்டுக்குள் நீர் கோத்து, விரல்களை அசைக்கும் தசைநாண்களின் உறைகளும் வீங்கிவிடுகின்றன. எக்ஸ்ரே கதிர் தெளிவாகக் காட்டுவது எலும்பை மட்டுமே. மூட்டை ஒட்டிய எலும்பின் வெண்மை சற்று மங்கியிருப்பதையும், சுற்றியுள்ள சதையின் நிழல் பருத்திருப்பதையும் பழகிய கண்கள் கவனிக்கக்கூடும். அதற்கு மேல் அந்தக் கட்டத்தில் அதில் தேடுவதற்கு எதுவுமில்லை.

ஆகவே ஆரம்ப மாதங்களில் கையின் செயல்திறனைக் குலைப்பது அழற்சியும் வலியும்தான். மூட்டின் கட்டமைப்பு இன்னும் சிதையவில்லை. அழற்சியை அடக்கினால் இழந்த திறன் திரும்பி வரும் என்பதால், சுத்தமான படத்தை அப்போது நல்ல செய்தியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பெண்ணுக்கு வாரம் ஒருமுறை மட்டும் விழுங்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையும் அதனோடு ஃபோலிக் அமிலமும் தொடங்கப்பட்டன. இந்த மருந்து முழுமையாக வேலை செய்யச் சில வாரங்கள், சிலருக்கு மூன்று மாதங்கள்கூட ஆகும். அந்த இடைவெளியில் மனந்தளர்ந்து நாட்டு எண்ணெய்க்கும் கட்டுக்கும் போய்விடுபவர்கள் ஏராளம். அவர் போகவில்லை, இப்போது ரவிக்கை வெட்டுகிறார். அவருடைய எக்ஸ்ரே அன்றும் இன்றும் ஏறத்தாழ ஒன்றேதான். இடையில் அவர் இழந்ததும் மீண்டும் பெற்றதும் எந்தப் படத்திலும் பதியவே இல்லை.

இதற்கு நேர்மாறானதையும் பார்க்கிறோம். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்நோயோடு வாழ்பவர், வயதான அம்மா ஒருவர். அவருடைய படத்தைப் பார்க்கும் இளம் மருத்துவர்கள் ஒரு கணம் பேச்சற்றுப்போவார்கள். மணிக்கட்டின் சிறு எலும்புகள் ஒன்றோடொன்று இணைந்து ஒரே கட்டையாகிவிட்டன. விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிட்டன. அடி மூட்டுகளில் இடைவெளி என்பதே மிச்சமில்லை. அவர் மாலையில் மல்லிகைப் பூக் கட்டி அக்கம்பக்கத்தில் விற்கிறார். நூலின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, மடங்காத ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் காம்புகளைச் சேர்த்து, நடுவிரலால் சுருக்கைத் தள்ளி இறுக்குகிறார். மற்றவர்கள் கட்டும் முறை அதுவல்ல. ஆனாலும் சரம் அவிழ்வதில்லை. இணைந்துபோன மணிக்கட்டு அசையாது என்றாலும் வலிக்காது, நழுவாது. உறுதியான பிடிமானம் தருகிறது. படத்தில் மிக மோசமாகத் தெரிவது, வேலை செய்யும்போது சில சமயம் துணையாகவே அமைந்துவிடுகிறது.

இப்படிச் சொல்வதால் எக்ஸ்ரே பயனற்றது என்று ஆகிவிடாது. மூட்டுச் சிதைவை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட இன்றும் அதுதான் மலிவான, நம்பகமான வழி. கைக்கு எடுக்கும் ஒரு படத்தின் கதிர்வீச்சு, இயற்கையிலிருந்து ஒரு நாளில் நம் உடலில் படுவதைவிடக் குறைவு என்பதால் அதற்கு அஞ்சவும் வேண்டியதில்லை. இந்தச் சிதைவை எண்ணாக மாற்றும் முறையை அமெரிக்க மருத்துவர் ஜான் ஷார்ப் 1971இல் வகுத்தார். நெதர்லாந்தைச் சேர்ந்த தேசிரே வான் டெர் ஹைடெ 1989இல் அதைத் திருத்தியமைத்தார். கை, கால் மூட்டுகளின் எலும்பு அரிப்புக்கு அதிகபட்சம் 280 புள்ளிகளும், மூட்டு இடைவெளி குறைவதற்கு 168 புள்ளிகளுமாக மொத்தம் 448. மருந்து ஆய்வுகளில் இன்றைக்கும் பெரிதும் பயன்படும் அளவுகோல் இதுவே. ஆனால் என் தொழிலில் இருப்பவருக்கு இதில் ஒரு நெருடல் உண்டு. கையைப் பொறுத்தவரை, கட்டைவிரலில் ஏற்படும் ஓர் அரிப்பும் சுண்டுவிரலில் ஏற்படும் ஓர் அரிப்பும் இந்தக் கணக்கில் ஒரே மதிப்பைத்தான் பெறுகின்றன. சாவியைத் திருப்புவதற்கும், பேனா பிடிப்பதற்கும், சோற்றைப் பிசைந்து கவளமாக்குவதற்கும் கட்டைவிரல் இல்லாமல் ஆகுமா? சுண்டுவிரலின் சேதத்தைப் பலர் கவனிப்பதுகூட இல்லை.

அரிப்பு, இடைவெளிக் குறைவு ஆகிய இரண்டில் அன்றாட இயக்கத்தை அதிகம் பாதிப்பது எது என்று ஆராய்ந்த வியன்னா மருத்துவர்கள், இடைவெளிக் குறைவே செயலிழப்போடு கூடுதலாகத் தொடர்புடையது என்று கண்டார்கள். யோசித்துப் பார்த்தால் இது இயல்பாகவே படுகிறது. அரிப்பு பெரும்பாலும் எலும்பின் ஓரத்தில் விழும் குழி. மூட்டின் பரப்பு அதற்குப் பின்னும் வழுக்கிக்கொண்டு நகர முடியும். இடைவெளி குறைகிறது என்றால், இரண்டு எலும்புகளுக்கும் நடுவில் இருந்த குருத்தெலும்பு தேய்கிறது என்று பொருள். அறிக்கையில் "அரிப்பு" என்ற சொல்லைக் கண்டதும் பதறுகிறவர்கள், அதற்கு அடுத்த வரியில் இடைவெளி பற்றி எழுதியிருப்பதையும் நிதானமாகப் படிக்க வேண்டும்.

இனி, என்னுடைய பால் பாக்கெட் கேள்விக்கு வருகிறேன். அன்றாட இயக்கத்தை அளக்கும் கேள்வித்தாள்களில் மிகப் புகழ்பெற்றது, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஃப்ரைஸ் குழுவினர் 1980இல் வெளியிட்ட எச்.ஏ.க்யூ. (உடல்நல மதிப்பீட்டுக் கேள்வித்தாள்) ஆகும். உடுத்துதல், எழுந்திருத்தல், உண்ணுதல், நடத்தல், தூய்மை, எட்டி எடுத்தல், பிடித்தல், வெளிவேலை என்று எட்டுப் பிரிவுகளில் இருபது கேள்விகள். முடிவில் 0 முதல் 3 வரை ஒரு மதிப்பெண்; அது கூடக் கூடச் சிரமம் அதிகம் என்று பொருள். நோயின் முதல் ஆண்டுகளில் இந்த மதிப்பெண் அழற்சியோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல, மருந்தால் கீழிறக்க முடியாத ஒரு பகுதி அதற்குள் சேர்ந்துவிடுகிறது. அந்தப் பகுதியைத்தான் எக்ஸ்ரே படம் விளக்குகிறது. சிகிச்சை தாமதமாகக் கூடாது என்று வாதநோய் மருத்துவர்கள் ஓயாமல் வற்புறுத்துவது இதனால்தான்.

நம் நாட்டு வாழ்க்கைக்கு ஏற்ப இக்கேள்வித்தாளின் பன்னிரண்டு கேள்விகள் கொண்ட இந்திய வடிவம் ஒன்று 2002இல் வெளிவந்தது. புடவையோ வேட்டியோ கட்ட முடிகிறதா, குத்துக்காலிட்டோ சம்மணமிட்டோ உட்கார முடிகிறதா, ஆட்டோவில் ஏறி இறங்க முடிகிறதா, காய்கறிச் சந்தைக்குப் போய்வர முடிகிறதா என்றெல்லாம் அது கேட்கிறது. நான் இதை விரும்பிப் பயன்படுத்துகிறேன். ஆயினும் எந்தக் கேள்வித்தாளும் தப்பவிடும் ஒன்று உண்டு. செய்ய முடியாத வேலையை வீட்டில் வேறொருவர் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டுவிட்டால், நோயாளிக்கு அது சிரமமாகத் தோன்றுவதில்லை.

"சமையல்ல கஷ்டம் ஏதாவது இருக்காம்மா?"

"ஒண்ணும் இல்ல மேடம், எல்லாம் நானேதான் பண்றேன்."

"குக்கர் மூடி?"

"அது மருமக தொறந்து குடுத்துடும்."

"தேங்காய் துருவுறது?"

"அதுவும் மருமகதான். நான் தாளிச்சு இறக்கிடுவேன்."

ஆண்களிடம் இது வேறு விதமாக இருக்கும். சமையலறைக்குள் காலே வைக்காதவரிடம் சமையலைப் பற்றிக் கேட்டால் சிரமமில்லை என்றுதான் சொல்வார். அதனால், "முடியுமா" என்று கேட்பதைக் குறைத்துக்கொண்டு, "யார் செய்கிறார்கள்" என்று கேட்கத் தொடங்கினேன். பால் பாக்கெட்டின் மூலையைக் கிள்ளிப் பிரிக்கக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அழுத்தமாகச் சேர வேண்டும். அதுவும் அதிகாலையில், விரல்கள் விறைத்திருக்கும் நேரத்தில்.

நேரம் என்பது இந்நோயில் சின்ன விஷயமில்லை. எக்ஸ்ரே காலை ஆறு மணிக்கு எடுத்தாலும் மாலை ஆறு மணிக்கு எடுத்தாலும் ஒன்றுதான். கை அப்படியில்லை. எழுந்ததிலிருந்து ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ பூட்டிக்கொண்டதுபோல் இருக்கும் விரல்கள், வெந்நீர் பட்டு, வேலை செய்து, பதினொரு மணிக்குப் புறநோயாளிப் பிரிவுக்கு வந்து சேர்வதற்குள் இளகிவிடுகின்றன. நாங்கள் பார்ப்பது அவர்களுடைய நல்ல கையை. பிடிப்பு வலிமையை அளக்கத் தனிக் கருவி உண்டு. அது இல்லாத இடத்தில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் பட்டையைச் சுருட்டி, 20 அளவுக்குக் காற்றடித்து, கையில் கொடுத்துப் பிழியச் சொன்னால் முள் எதுவரை ஏறுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளலாம். வீட்டில் அந்தக் கருவி வைத்திருப்பவர்கள் விடியற்காலையிலும் மதியத்திலுமாகப் பிழிந்து பார்த்து எழுதிவந்தால், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அந்தக் குறிப்பு படத்துக்கு இணையாக உதவும்.

கால்களை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நோயின் தீவிரத்தைக் கணக்கிடப் பரவலாகப் பயன்படும் அளவுகோலில் எண்ணப்படும் 28 மூட்டுகளில் பாதமும் கணுக்காலும் இல்லை. அரிப்போ பலருக்குப் பாதத்தின் சுண்டுவிரல் அடி மூட்டில்தான் முதலில் தெரியவருகிறது. வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கும் பழக்கமுள்ள நமக்கு, டைல்ஸ் தரையில் முன்பாதம் ஊன்றும்போது கூழாங்கல்லை மிதிப்பதுபோல் வலிக்கிறது என்று நோயாளி சொன்னால், கைப்படத்தோடு பாதப்படமும் எடுக்கச் சொல்லிக் கேட்பது நியாயம். சர்க்கரை நோயாளிகளுக்கென்று விற்கும் எம்.சி.ஆர். (மென்மையான ரப்பர்) செருப்பை வீட்டுக்குள்ளும் போட்டுக்கொள்ளச் சொல்கிறேன். பூஜையறைக்கு வெளியே கழற்றிவிடலாம்.

எக்ஸ்ரே காட்டாத சவ்வை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் காட்டுகிறது. டாப்ளர் வசதியோடு பார்த்தால், அழற்சியுள்ள சவ்வில் ஓடும் ரத்தம் திரையில் நிறப்புள்ளிகளாகத் தெரியும். எம்.ஆர்.ஐ. இன்னும் ஒரு படி மேலே போய், எலும்பு மஜ்ஜையில் நீர் கோத்திருப்பதைக் காட்டி, அரிப்பு வரக்கூடிய இடத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அப்படியானால் அடிக்கடி ஸ்கேன் எடுத்து, அதில் ஒரு புள்ளிகூட இல்லாமல் போகும்வரை மருந்தைக் கூட்டினால் என்ன என்ற கேள்வி எழும். நார்வேயில் 238 பேரைக் கொண்டு அல்ட்ராசவுண்டை வைத்து அப்படியே செய்து பார்த்தார்கள். 2016இல் வெளிவந்த முடிவின்படி, வழக்கமான பரிசோதனையை நம்பிச் சிகிச்சை பெற்றவர்களைவிட ஸ்கேன் குழுவினர் குறிப்பிடத்தக்க அளவுக்கு மேம்படவில்லை. டென்மார்க்கில் நோய் தணிந்திருந்த 200 பேரிடம் எம்.ஆர்.ஐ.யை வைத்துச் செய்த ஆய்வும் 2019இல் அதே திசையில்தான் முடிந்தது. கூடுதல் மருந்து பெற்ற எம்.ஆர்.ஐ. குழுவில் கடுமையான பாதிப்புகளும் கூடுதலாக இருந்தன. நோய் இதுதானா என்ற ஐயம் நீடிக்கும்போதும், வீக்கம் மூட்டிலா தசைநாண் உறையிலா என்று பிரித்தறிய வேண்டியபோதும், ஊசியைச் சரியான இடத்தில் செலுத்துவதற்கும் ஸ்கேன் மிக உதவும். மூட்டு அமைதியாக, வேலைகள் தடையின்றி நடந்துகொண்டிருக்கும்போது மாதாமாதம் அதற்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை என்பதே என் எண்ணம்.

கையின் செயல்திறன் குறைந்தும் கைப்படத்தில் மாற்றமில்லை என்றால் கழுத்தை நினைக்க வேண்டும். பல ஆண்டுகளாக நோய் உள்ளவர்களுக்கு முதல் இரண்டு கழுத்தெலும்புகளைக் கட்டியிருக்கும் தசைநார் தளர்ந்து, மேலெலும்பு முன்னோக்கி நழுவித் தண்டுவடத்தை அழுத்தக்கூடும். டம்ளர் கைநழுவுவது, பொத்தான் போடத் தடுமாறுவது, நடையில் தள்ளாட்டம், பின்மண்டை வலி, தலையைக் குனிந்தால் முதுகில் மின்சாரம் பாய்வதுபோன்ற உணர்வு ஆகியவை தோன்றினால் அதைக் கைமூட்டின் கணக்கில் எழுதிவிடாமல் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நிமிர்ந்த நிலையில் எடுத்த பக்கவாட்டுப் படத்தில் இந்த நழுவல் தெரியாமல் போகலாம்; மருத்துவர் மேற்பார்வையில் தலையைக் குனிந்து எடுத்த படத்தில் அந்த இரண்டு எலும்புகளுக்கும் இடையே முன்பக்க இடைவெளி 3 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் அது இயல்பன்று. முழங்கால் மாற்று அறுவைச் சிகிச்சைக்குச் செல்பவர்கள் தங்களுக்கு முடக்குவாதம் இருப்பதை மயக்க மருந்து தரும் மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், ஏனெனில் சுவாசக் குழாய் செருகும்போது கழுத்தை அசைக்க நேரிடும். சலூனில் முடி வெட்டி முடித்ததும் கழுத்தை இரு பக்கமும் திருப்பிச் சொடக்கெடுப்பதையும், நாற்காலியில் உட்காரும்போதே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.