ஒரே ஒரு பைட்

லேப்டாப்பின் டிஸ்க் போன அன்று எனக்குப் பெரிய பதற்றம் இல்லை. தினமும் இரவு 2 மணிக்கு ஆர்குளோன் (rclone) என்ற நகலெடுக்கும் மென்பொருள் ஓடி, எல்லாவற்றையும் என்கிரிப்ட் செய்து ஒரு வாடகை சர்வரில் போட்டுக்கொண்டிருந்தது. புது லேப்டாப்பில் அதன் கிரிப்ட் ரிமோட்டை, அதாவது என்கிரிப்ட் செய்து வைக்கும் இணைப்பை, மறுபடி அமைத்து, பாஸ்வேர்டைக் கொடுத்து, பட்டியல் கேட்டேன். ஒன்றுமே வரவில்லை. பாஸ்வேர்டு தவறு என்றுகூடச் சொல்லவில்லை. காலி ஃபோல்டர் மாதிரி கம்மென்று இருந்தது.

கிரிப்ட் ஃபைல் பெயர்களையும் மறைத்துத்தான் வைக்கும். சாவி பொருந்தாவிட்டால் பெயரைப் பிரிக்க முடியாது. பிரிக்க முடியாததை லாகில் ஒரு குறிப்போடு தாண்டிப் போய்விடும். எல்லாவற்றையும் தாண்டினால் மிஞ்சுவது காலிதானே.

முதலில் பாதையைச் சந்தேகப்பட்டேன். ரிமோட்டை ஒரு ஃபோல்டர் மேலே காட்டியிருந்தாலும் இப்படித்தான் ஆகும். பாதை சரி. சர்வருக்குள் போய்ப் பார்த்தால் புரியாத பெயர்களோடு ஃபைல்கள் அப்படியே இருந்தன. ஒன்றைத் திறந்து முதல் சில பைட்டைப் பார்த்தேன். ஆர்குளோனின் பெயர் ஆறு ஆங்கில எழுத்தில் இருந்தது. அப்போதுதான் மூச்சு வந்தது. சரக்கு பத்திரம், சாவிதான் தப்பு.

ஆனால் பாஸ்வேர்டு எனக்கு நன்றாகத் தெரியும். அப்புறம்தான் நினைவு வந்தது, அமைக்கும்போது இரண்டு பாஸ்வேர்டு கேட்கும். இரண்டாவது சால்ட்; முதலாவதோடு கலந்து சாவியை உருவாக்குவது. அதைக் காலியாக விட்டால் தன்னிடம் உள்ள ஒன்றை வைத்துக்கொள்ளும். நான் அன்றைக்குப் பெரிய மேதாவியாக, நீயே ஒன்று உருவாக்கு என்று சொல்லியிருக்கிறேன். எழுதி வைக்கவில்லை. அது இருந்த கான்ஃபிக் ஃபைல், அதாவது அமைப்பு விவரங்கள் உள்ள ஃபைல், செத்த டிஸ்க்கில். அதன் நகல்? என்கிரிப்ட் ஆன அதே பேக்கப்புக்குள். சாவியை உள்ளே போட்டுப் பெட்டியைப் பூட்டியிருக்கிறேன்.

காப்பாற்றியது மேஜை டிராயரில் கிடந்த ஒரு மெமரி கார்டு. இதே வேலையை முன்பு ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியில் ஓட்டியிருந்தேன்; பழைய கான்ஃபிக் அதில் இருந்தது. அதில் பாஸ்வேர்டுகள் உருமாற்றி எழுதப்பட்டிருக்குமே தவிர, என்கிரிப்ட் ஆகியிருக்காது. ரிவீல் கட்டளை கொடுத்தால் பளிச்சென்று வந்துவிடும். மற்ற நாளில் இதைக் குறை சொல்லியிருப்பேன்.

ரீஸ்டோர் ஓடியது. திரும்பி வந்த ஃபோல்டரில் நான் எப்போதோ அழித்த ஃபைல்களும் உட்கார்ந்திருந்தன. சர்வரை லேப்டாப்போடு ஒத்துப்போக வைக்கும் சிங்க் ஒழுங்காக நடந்திருந்தால் அவை சர்வரிலும் போயிருக்க வேண்டும். ஒரே ஒரு ஃபைலை ஏற்றுவதில் பிழை வந்தாலும் ஆர்குளோன் அந்த முறை எதையும் அழிக்காது, நல்ல பழக்கம். அப்படியென்றால் ஒவ்வொரு இரவும் ஏதோ பிழை வந்திருக்கிறது. சர்வரில் இருந்ததைப் பழைய பட்டியலோடு ஒப்பிட்டேன். 11 ஃபைல்கள் ஏறவே இல்லை. எல்லாம் அம்மா பேசியதைப் பதிவு செய்தவை.

பெயர் வைத்த லட்சணம் அப்படி. ஒன்று, “அம்மா சொன்ன ஆற்றங்கரை வீட்டுப் பேய்க்கதை மூன்றாம் முறை”. கண்ணுக்கு 27 எழுத்துதான். ஆனால் யூனிகோடில் புள்ளியும் துணைக்காலும் தனிக் குறிகள். ஒவ்வொன்றும் 3 பைட். ‘அம்மா’ மட்டுமே 15. இடைவெளியும் எக்ஸ்டென்ஷனும் சேர்த்தால் முழுப் பெயர் 154. கிரிப்ட் அதை 16-இன் மடங்காக 160 ஆக்கி, பேஸ்32-இல், அதாவது 32 குறிகளை மட்டும் வைத்து, எழுதுகிறது. 5 பைட்டுக்கு 8 எழுத்து, ஆக 256. அந்த லினக்ஸ் சர்வர் ஒரு பெயருக்குத் தருவது 255 பைட்.

ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக்கு ஒரே பைட், அதனால் அதில் பெயர் வைப்பவருக்கு 143 எழுத்துவரை இடம் உண்டு. 64 குறிகள் கொண்ட பேஸ்64-க்கு மாறினால் நமக்கும் கொஞ்சம் தாராளம்தான். ஆனால் எல்லாவற்றையும் புதிதாக ஏற்ற வேண்டும். ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.

11-இல் 7 பதிவுகள் தங்கையின் வாட்ஸப்பில் கிடைத்தன. பேய்க்கதை கிடைக்கவில்லை. அம்மாவிடம் இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். “அதான் மூணு தடவை சொல்லியாச்சேடா” என்று அலுத்துக்கொண்டு ஆரம்பித்தாள். ஃபைலுக்கு ‘பேய் 4’ என்று பெயர் வைத்தேன்.