ஸ்வரப் புத்தகம் செயலியாகிறது: ஜூன் மாதக் குறிப்புகள்

ஜூன் 2

கர்நாடக இசைப் பாட்டுகளின் ஸ்வரங்களைத் திரையில் காட்டும் எங்கள் செயலியின் அடுத்த பதிப்பில் என்னென்ன சேர்ப்பது என்று இன்று உட்கார்ந்து பேசினோம். மேற்கத்திய இசைக்கான செயலிகளைப் பார்த்து நண்பர் ஒரு பட்டியல் கொண்டுவந்திருந்தார். காலால் மிதித்தால் பக்கம் திரும்பும் ப்ளூடூத் பெடல், கீழ்ப்பாதியை வாசிக்கும்போதே மேல்பாதி அடுத்த பக்கத்துக்கு மாறிவிடும் வசதி, சுருதியை மாற்றினால் மொத்தத் தாளும் மாற்றி எழுதப்படுவது. தாளைப் பார்த்து வாசிக்கும் பியானோக்காரர்களுக்கு இவை மேடையிலேயே தேவை. கர்நாடக இசைக்குச் சுருதி மாற்றி எழுதும் வேலையே கிடையாது. ஒரு கட்டைச் சுருதியில் பாடினாலும் ஐந்து கட்டைச் சுருதியில் பாடினாலும் ஸ ஸ-தான். மூன்றையும் தள்ளிவைக்கச் சொன்னேன். நம் செயலியைத் திறப்பவர், வகுப்பு முடிந்து வீட்டில் தனியாகப் பாடிப் பார்க்கிறவர். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கிருந்து தொடங்க வேண்டும்.

ஜூன் 5

ஸ்வரம் எந்த உயர அடுக்கில் (ஸ்தாயியில்) வருகிறது என்று காட்டும் புள்ளியிலேயே நாள் போய்விட்டது. மேல் ஸ்தாயி என்றால் எழுத்துக்கு மேலே புள்ளி, கீழ் ஸ்தாயி என்றால் அடியில் புள்ளி. ஆனால் தமிழில் மேலே புள்ளி வைத்தால் மெய்யெழுத்தாகிவிடும். கணினியில் தட்டுகிறவர்கள் மேல் ஷட்ஜத்துக்கு (மேல் ஸ-வுக்கு) ‘ஸ்’ என்றே அடித்துவிடுகிறார்கள். ஸ, ப வரைக்கும் ஒப்பேற்றலாம். ரி, நி வந்தால் மேலே உள்ள சுழி புள்ளியின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. யூனிகோடில் எந்த எழுத்தோடும் ஒட்டக்கூடிய மேற்புள்ளி தனியாக உண்டு. நாங்கள் பார்த்த தமிழ் எழுத்துருக்கள் சிலவற்றில் அதைப் போட்டால் பக்கத்தில் ஒரு புள்ளிவட்டம் முளைக்கிறது.

அதனால் எழுத்தைச் சேமிக்கப் போவதில்லை. எந்த ஸ்வரம், எந்த ஸ்தாயி, எவ்வளவு நீளம் என்பதை மட்டும் சேமிப்போம். புள்ளியைத் திரையில் சுழிக்கு மேலே தனியாக வரைவோம். இப்படிச் செய்தால் அதே பாட்டைத் தெலுங்கிலோ கன்னடத்திலோ காட்டுவதும் சுலபம். ‘ஸரிகமகரி’ வரும் இடங்களைத் தேடவும் முடியும்.

ஜூன் 9

வரியை எங்கே மடிப்பது? ஆதி தாளம் பிரச்சினையில்லை: லகு என்ற அங்கம் (தாளத்தின் பகுதி) 4 அட்சரம் (எண்ணிக்கை), திருதம் என்ற அங்கம் இரண்டு முறை, 2, 2. குறுகிய போனிலும் லகு ஒரு வரி, இரண்டு திருதமும் ஒரு வரி என்று அடங்கிவிடும். பைரவி ராகத்தில் ‘விரிபோணி’ என்ற வர்ணத்தை ஏற்றியபோதுதான் திண்டாடினோம். அட தாளம், 5, 5, 2, 2 என்று 14 அட்சரம். அட்சரத்துக்கு இரண்டு ஸ்வரம் என்றாலே ஆவர்த்தனத்துக்கு (தாளத்தின் ஒரு முழுச் சுற்றுக்கு) 28 இடம் வேண்டும். இடம் போதாமல் லகுவின் நடுவில் வரி உடைந்தால், தாளம் போடும் கை நின்றுவிடும். எழுத்து சிறுத்தாலும் பரவாயில்லை, அங்கம் முடியாமல் வரி உடையவே கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

எடுப்பும் (தாளத்தில் பாட்டு தொடங்கும் இடமும்) அப்படித்தான். சமத்தில் (தாளத்தின் முதல் தட்டில்) தொடங்காத பாட்டுக்கு முதல் வரியில் வெற்றிடம் விட்டே ஆகணும். இல்லாவிட்டால் கீழே வரும் வரிகளெல்லாம் தாளத்தோடு நேராக நிற்காது.

ஜூன் 10

ஸ்வரத்தை நீட்ட, காற்புள்ளிக்கு ஒரு அளவு, அரைப்புள்ளிக்கு இரண்டு. புத்தக வழக்கை அப்படியே வைத்துக்கொள்கிறோம்.

ஜூன் 14

எழுதிய ஸ்வரத்தைச் செயலியே வாசித்துக் காட்ட வேண்டும் என்பது அதிகம் பேர் கேட்கும் வசதி. சோதனைக்குத் தோடி ராகத்தில் நாலு வரி வாசிக்க விட்டோம். காந்தாரம் (க) அசையாமல் ஒரே இடத்தில் நின்றது. அது தோடியே இல்லை. கற்கிறவர் காதில் அந்தக் காந்தாரம் ஏறிவிட்டால், பிறகு டீச்சர்தான் கிடந்து திருத்தணும். தாளத்துக்குத் தட்டு ஒலி, தம்பூரா, இரண்டோடு நிறுத்திக்கொள்கிறோம்.

ஸ்வரத்தின் இந்த அசைவை, அதாவது கமகத்தை, எழுதவே முடியாதா என்றால், எழுதியிருக்கிறார்கள். 1904-இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யில் கமக வகைகளான கம்பிதத்துக்கு அலைக்கோடு, ஏற்ற இறக்க ஜாருக்குச் சாய்கோடுகள், ஸ்புரிதத்துக்கு மூன்று புள்ளிகள் என்று ஸ்வரத்தின் மேலேயே குறி இருக்கிறது. அச்சுக்கோத்த காலத்தில் இத்தனையையும் தெலுங்கு எழுத்தோடு சேர்த்து அடித்த உழைப்பை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. அந்தக் குறிகளை வேண்டும்போது காட்டி, வேண்டாதபோது மறைக்கும்படி சேர்க்கிறோம்.

ஜூன் 19

மயிலாப்பூரில் ஒரு பாட்டு டீச்சர் வகுப்பில் உட்கார அனுமதி தந்தார். பிள்ளைகளின் நோட்டுகளை வாங்கிப் பார்த்தேன். சிவப்புப் பேனாவில் ஒரு வரியை அடித்து, ஓரத்தில் வேறொரு சங்கதி (அதே வரியை வேறு விதமாகப் பாடும் வடிவம்) எழுதியிருந்தது.

“அது புத்தகத்துல இருக்கறதும்மா. எங்க பாடாந்தரம் வேற” என்றார். குரு வழியாக வந்த பாடும் முறையைத்தான் பாடாந்தரம் என்கிறார்கள்.

“எதை வெச்சுக்கணும், டீச்சர்?”

“ரெண்டும் இருக்கட்டும். என்கிட்ட கத்துக்கறவா என்னோடதப் பாடட்டும்.”

ஒரே பாட்டுக்குப் பல பாடாந்தரம் அடுக்கடுக்காக இருக்க வேண்டும் என்பது அங்கேயே முடிவாகிவிட்டது. இன்னொன்றும் கவனித்தேன். எல்லாப் பிள்ளைகளும் போனில் பதிவு செய்கிறார்கள். வீட்டில் ஒரு சங்கதியைத் தேட முழுப் பதிவையும் ஓட்ட வேண்டியிருக்கிறது. ஸ்வர வரியைத் தொட்டால் அந்த வரியை டீச்சர் குரலிலேயே கேட்கும்படி செய்துவிட்டால், கமகம் உட்பட எல்லாவற்றுக்கும் அதுவே பதில். வேகத்தைக் குறைக்கலாம், சுருதி மாறாது.

ஜூன் 23

எந்தப் பாட்டுகளை முன்கூட்டியே போட்டுக் கொடுப்பது? தியாகராஜர் மறைந்தது 1847-இல், கீர்த்தனைக்குத் தடையில்லை. ஆனால் அதைப் பின்னாளில் ஒருவர் ஸ்வரப்படுத்திப் போட்ட புத்தகம் அவருடைய உழைப்பு. நம் நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் காலத்துக்குப் பின் 60 ஆண்டு உரிமை உண்டு. கடைப் புத்தகங்களை ஸ்கேன் செய்து ஏற்றும் யோசனையை அத்தோடு விட்டோம். தொடக்கப் பாடங்களான சரளி, ஜண்டை, தாட்டு வரிசைகள், அலங்காரங்கள், மலஹரி கீதங்கள் ஆகியவற்றை ஒரு பாடகியைக் கொண்டு புதிதாக எழுதி, பாட வைத்துத் தருவோம்.

ஜூன் 27

வரிசை முடிவானது. முதலில் பதிவை வரிவரியாக வெட்டி ஒட்டும் திரை, அடுத்து பாடாந்தர அடுக்கு, பிறகு கமகக் குறிகள். மனப்பாடம் ஆக ஆக ஸ்வரத்தை ஒவ்வொரு வரியாக மறைத்து, சாகித்தியத்தை (பாட்டின் சொற்களை) மட்டும் காட்டும் வசதியும் இதே பதிப்பில் வரும். வீணைக்கான மீட்டுக் குறிகளைக் கேட்டிருந்தவர்கள் அடுத்த பதிப்புவரை பொறுக்க வேண்டும். அதற்கு முதலில் ஒரு வைணிகருடன் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது.