விவால்டி வரும்வரை: ஒரு படத்தையும் அதைப் பார்த்தவர்களையும் பற்றிய நாட்குறிப்பு

2019 செப்டம்பர் 18, புதன்கிழமை, பாரிஸ்

பிரான்சில் புதுப்படங்கள் புதன்கிழமைதான் வெளிவரும். வேலை முடிந்ததும் நேராக ஏழு மணிக் காட்சிக்குப் போய்விட்டேன். மே மாதம் கான் விழாவில் சிறந்த திரைக்கதைக்கான விருதைப் பெற்ற நாளிலிருந்து நான் காத்திருந்த படம் இது. செலின் சியாமா எழுதி இயக்கியது. 'போர்ட்ரெய்ட் ஆஃப் எ லேடி ஆன் ஃபயர்' என்ற ஆங்கிலப் பெயரில் வெளிநாடுகளுக்கும் போயிருக்கிறது. (இந்தக் குறிப்புகளில் கதையின் முடிவு வரை சொல்லப்போகிறேன்; படத்தைப் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.)

1770ஆம் ஆண்டையொட்டிய காலம், பிரான்சின் மேற்கிலுள்ள பிரிட்டனிக் கடற்கரையில் ஒரு பழைய மாளிகை. மிலான் நகரத்து மாப்பிள்ளை ஒருவருக்கு அனுப்புவதற்காக எலொயீஸ் என்ற பெண்ணை அவளுக்கே தெரியாமல் வரைய வேண்டும் என்று மரியான் என்ற ஓவியர் வரவழைக்கப்படுகிறார். முதலில் அந்த மாப்பிள்ளைக்குப் பேசியிருந்தது எலொயீஸின் உடன்பிறந்தவளை; அவள் பாறை முனையிலிருந்து விழுந்து இறந்துபோனாள். அந்த இடத்தை நிரப்பத்தான் எலொயீஸை மடத்திலிருந்து அழைத்து வந்திருக்கிறார்கள்.

படத்தில் பின்னணி இசை இல்லை. கரித்துண்டு துணியில் உரசும் ஒலி, மரத்தரையில் நடக்கும் ஒலி, அடுப்பு எரியும் ஒலி, காற்று, அலை ஆகியவைதான் காதில் விழுகின்றன. இவற்றோடு அரங்கமும் கேட்கத் தொடங்கிவிடுகிறது என்பதை இன்றைக்குத்தான் உணர்ந்தேன். மற்றப் படங்களில் நம்முடைய இருமலையும் இருக்கையின் கிறீச்சொலியையும் இசை மூடிவிடும். இங்கே ஒவ்வொருவரும் மற்றவர்களுக்குக் கேட்கிறோம். என் இடப்பக்கம் பாப்கார்ன் சாப்பிட்டுக்கொண்டிருந்த இளைஞர் பத்து நிமிடத்துக்குள் ஒவ்வொரு பொரியாக எடுக்கத் தொடங்கினார். பிறகு பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டார். இரண்டு வரிசை முன்னால் இருந்தவர் மூன்று முறை கைபேசியில் மணி பார்த்து, முதல் ஓவியம் முடிவதற்கு முன்பே எழுந்து போனார்.

எலொயீஸ் முதன்முறையாக வரும் காட்சியில் அவளுடைய முதுகு மட்டுமே தெரிகிறது. முக்காடு நழுவுகிறது, திடீரென்று பாறை முனையை நோக்கி ஓடுகிறாள். உடன்பிறந்தவளின் சாவைப் பற்றி நமக்கு அப்போது தெரியும் என்பதால் அரங்கம் முழுக்க ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்தது. அவள் விளிம்பில் நின்று திரும்பி முகத்தைக் காட்டியபோது அந்த மூச்சு வெளியே வந்தது. இருநூறு பேர் சேர்ந்து மூச்சு விடும் ஒலியை நான் திரையரங்கில் கேட்டதில்லை.

இறுதிக்காட்சியைப் பற்றி இன்று எழுத வேண்டாம். விளக்கு எரிந்த பிறகும் என் பக்கத்து இருக்கைப் பெண்மணி மேலங்கியை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்பதை மட்டும் குறித்து வைக்கிறேன்.

செப்டம்பர் 20, வெள்ளிக்கிழமை

என்னுடன் வேலை செய்யும் பெண் நேற்றுப் பார்த்திருக்கிறாள். "முதல் ஒரு மணி நேரம் ஒன்றுமே நடக்கவில்லை" என்றாள். வீட்டுக்கு வந்து நடந்தவற்றை எண்ணிப் பார்த்தேன். தண்ணீரில் விழுந்த ஓவியப் பெட்டிக்காக மரியான் கடலில் குதிக்கிறாள். முன்பு வந்த ஓவியர் முகமில்லாமல் விட்டுச் சென்ற படத்தைக் கண்டெடுத்து, பின்னர் அதை எரிக்கிறாள். பகலில் நடைத்துணையாகப் பார்த்த காதையும் கையையும் கழுத்தையும் இரவில் நினைவிலிருந்து வரைகிறாள். வரைந்து முடித்ததைத் தானே ஒப்புக்கொண்டு காட்டுகிறாள், "இது நானா?" என்ற பொருள்படக் கேட்ட எலொயீஸுக்குப் பதில் சொல்ல முடியாமல் அந்த முகத்தைத் துணியால் அழித்துவிடுகிறாள். ஒரு கலைஞருக்கு இதைவிட வேறென்ன நடக்க வேண்டும்?

ஆனாலும் அவள் சொன்ன இன்னொரு செய்தியை நான் ஒதுக்க விரும்பவில்லை. "இந்தப் படம் நான் எப்போது பயப்பட வேண்டும், எப்போது ஏங்க வேண்டும் என்று சொல்லவே இல்லை, எனக்குக் களைப்பாக இருந்தது" என்றாள். பத்து மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்தவளிடம் இன்னும் இரண்டு மணி நேரம் உழை என்று கேட்கிற படம்தான் இது. அந்தக் களைப்பு உண்மை.

செப்டம்பர் 28, சனிக்கிழமை

சித்தியை அழைத்துப் போனேன். எனக்குத் தயக்கம் இருந்தது. சித்தி புதுச்சேரியிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்து முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு பெண்கள் காதலிக்கும் படம் என்று சொல்லித்தான் கூட்டிப்போனேன், மறைக்கவில்லை. "பார்க்கலாம் வா" என்று மட்டும் சொன்னார்.

நான் எதிர்பார்த்த இடங்களில் சித்தியிடம் எந்த அசைவும் இல்லை. எதிர்பார்க்காத இடத்தில் என் முழங்கையைப் பிடித்தார். எலொயீஸின் தாய், தான் புதுப்பெண்ணாக இந்த வீட்டுக்குள் நுழைந்தபோது தன்னுடைய உருவப்படம் தனக்கு முன்பே வந்து சுவரில் காத்துக்கொண்டிருந்ததைச் சொல்லும் காட்சி அது. வலேரியா கொலினோ அதை மிகச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார். சித்தி என் காதருகே குனிந்து, "உங்க சித்தப்பா வீட்டுக்கு நான் வந்தப்போ என் போட்டோ டி.வி. மேல இருந்துச்சுடி" என்றார்.

அந்தப் புகைப்படம் எனக்குத் தெரியும். புதுச்சேரியில் ஒரு ஸ்டூடியோவில், கையில் பிளாஸ்டிக் பூவோடு, பக்கவாட்டில் சற்றே திரும்பி நின்று எடுத்தது. பாரிசுக்கு அனுப்பிப் பதில் வர ஒன்றரை மாதம் ஆனதாம். படத்தின் நாயகி எதற்காகப் போஸ் கொடுக்க மறுக்கிறாள் என்பதைச் சித்திக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சித்தி நாற்பது ஆண்டுகளாகத் தையல் வேலை செய்கிறவர். வேலைக்காரப் பெண் சோஃபி ஒரு குவளையிலுள்ள பூக்களைப் பார்த்துப் பார்த்துத் துணியில் பூத்தையல் போடுகிறாள் அல்லவா, அதைத்தான் சித்தி படம் நெடுகத் தொடர்ந்திருக்கிறார். "குவளையில இருக்கற பூ வாடிக்கிட்டே வருது. தையல்ல அது அப்படியே நிக்குது. கவனிச்சியா?" என்று வெளியே வந்ததும் கேட்டார். நான் இரண்டு முறை பார்த்தும் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். குவளையைச் சரியாகக் கவனிக்கவில்லை. படம் மெதுவாகப் போனதா என்று கேட்டேன். "தையல் போடற வேகத்துல போச்சு" என்றார்.

சோஃபி கருக்கலைப்புச் செய்துகொள்ளும் காட்சியில் எனக்குப் பின்னால் ஒருவர் எழுந்து போனார். பலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். திரையில் மரியானும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். எலொயீஸ் அவளைப் பார்க்கச் சொல்கிறாள். அந்தச் சொல் அரங்கில் குனிந்திருந்த தலைகளுக்கும் சேர்த்துச் சொன்னதாகவே எனக்குப் பட்டது. கட்டிலில் கிடக்கும் கைக்குழந்தை சோஃபியின் விரலைப் பிடித்துக்கொள்வதைச் சித்தி இமைக்காமல் பார்த்தார். அதைப் பற்றி எதுவும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

லா சப்பலில் இறங்கிக் கீரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். பிரியும்போதுதான் சொன்னார்: "எசமானி காய் நறுக்கறா, படம் போடறவ ஒயின் ஊத்தறா, வேலைக்காரி உட்கார்ந்து தைக்கறா. அந்த ஒரு இடம் போதும் எனக்கு."

அக்டோபர் 13, ஞாயிற்றுக்கிழமை

நண்பர்கள் கூடிய இடத்தில் வாக்குவாதம். படம் அழகாக இருக்கிறது, ஆனால் குளிர்ந்து கிடக்கிறது, உடல் இல்லை என்று இங்குள்ள சிலர் சொல்லி வருவதையே இரண்டு ஆண் நண்பர்களும் சொன்னார்கள். சியாமாவே இந்தக் குறையைக் காதில் வாங்கியிருக்கிறார். பெண்கள் இருவரின் காதல் என்றால் திரையில் நீண்ட படுக்கையறைக் காட்சி இருக்க வேண்டும் என்ற பழக்கம் இங்கே ஏற்பட்டுவிட்டது. அது கிடைக்காதபோது ஏதோ எடுத்துக்கொள்ளப்பட்டது போன்ற ஏமாற்றம் வருகிறது. எனக்கோ எலொயீஸ் தன் உதட்டைக் கடிப்பதையும், கோபம் வந்தால் இமைக்காமல் இருப்பதையும் மரியான் ஒவ்வொன்றாகச் சொல்ல, எலொயீஸ் அவளைத் தன் அருகே அழைத்து, "நீங்கள் என்னைப் பார்க்கும்போது நான் யாரைப் பார்க்கிறேன்?" என்று கேட்கும் காட்சியில் கன்னம் சூடேறியது. அரங்கிலும் அந்த இடத்தில் ஒரு மெல்லிய சிரிப்பு எழுந்தது, பிடிபட்டவர்களின் சிரிப்பு.

"நீங்கள்" என்று தமிழில் எழுதியதை வேண்டுமென்றேதான் எழுதினேன். பிரெஞ்சிலும் நம்மைப் போலவே 'வூ' என்ற மரியாதைப் பன்மையும் 'து' என்ற ஒருமையும் உண்டு. இந்த இருவரும் காதலர்களான பின்பும் 'வூ' என்றே பேசிக்கொள்கிறார்கள். கடைசிப் பிரிவில், மரியான் படியிறங்கி ஓடிக் கதவைத் திறக்கும் நொடியில், பின்னாலிருந்து எலொயீஸ் "ரத்தூர்ன்-துவா" என்கிறாள்: திரும்பிப் பார். அங்கேதான் ஒருமை வருகிறது. கிரேக்கப் புராணத்தில், திரும்பிப் பார்க்கக் கூடாது என்ற நிபந்தனையோடு இறந்த மனைவி யூரிடிசியை மீட்டு வரும் ஓர்ஃபியஸ் திரும்பிப் பார்த்து அவளை இழக்கிறான்; அவன் திரும்பியது அவள் அழைத்ததால் இருக்கலாம் என்று முன்பு அடுப்பங்கரையில் பேசியதும் அந்த ஒரு சொல்லுக்குள் வந்து சேர்ந்துவிடுகிறது. முதல் நாள் காட்சியில் எனக்குப் பின்னால் யாரோ "ஆ" என்றது அந்த 'துவா'வுக்காகத்தான் என்று நம்புகிறேன்.

நவம்பர் 6, புதன்கிழமை

எலொயீஸாக நடித்த அதேல் ஹெனெல், சிறுமியாக இருந்தபோது தன் முதல் படத்தின் இயக்குநரால் தனக்கு நேர்ந்தவற்றை இந்த வாரம் பகிரங்கமாகச் சொல்லியிருக்கிறார். நேற்றிரவு நான்காம் முறையாகப் போனேன். பார்க்கப்படும் பெண் தன்னைப் பார்க்கிறவரிடம் கேள்வி கேட்கும் அந்தக் காட்சியில் இம்முறை யாரும் சிரிக்கவில்லை.

2020 பிப்ரவரி 29, சனிக்கிழமை

நேற்றிரவு பிரெஞ்சுத் திரைப்படங்களுக்கான செசார் விருது விழா. பத்துப் பரிந்துரைகளில் இந்தப் படத்துக்குக் கிடைத்தது ஒன்று, கிளேர் மத்தோனின் ஒளிப்பதிவுக்கு. சிறந்த இயக்குநர் என்று, முன்பு சிறுமி ஒருத்தியுடன் பாலுறவு கொண்ட வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்ட ரோமன் போலன்ஸ்கியின் பெயரை அறிவித்ததும் ஹெனெல் எழுந்து வெளியே நடந்தார், சியாமாவும் போனார். தொலைக்காட்சியில் அந்த முதுகைப் பார்த்தேன். பாறை முனையை நோக்கி ஓடிய அதே முதுகு என்று தோன்றியதை என்னால் தடுக்க முடியவில்லை.

மார்ச் 2, திங்கட்கிழமை

இங்கிலாந்தில் வெள்ளிக்கிழமைதான் படம் வெளியாகியிருக்கிறது. லண்டனில் இருக்கும் யாழ்ப்பாணத்துத் தோழி நேற்றுப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் ஒரு மணி நேரம் பேசினாள். ஆங்கிலத் துணையுரையோடு பார்த்த அவளுக்கு அந்த ஒருமை கிடைக்கவே இல்லை. நான் சொன்னதும் சற்று நேரம் பேசாமல் இருந்து, "அப்ப அவ கடைசியிலதான் அவவ 'நீ' எண்டவளா?" என்று கேட்டாள், அழுகிறாள் என்று குரலில் தெரிந்தது. 'யூ' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அந்தத் துணையுரைக்காரர் என்ன செய்திருக்க முடியும்!

அவளுடைய அரங்கில் இரவு நெருப்பைச் சுற்றிப் பெண்கள் கைதட்டிப் பாடத் தொடங்கியதும் சாய்ந்திருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்களாம். இங்கும் ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்தேன். நெடுநேரம் இசையே இல்லாமல் இருந்த காதுக்கு மனிதக் குரல் அப்படி வந்து விழுகிறது. மெதுவாகப் போகிறது என்று குறைசொல்கிறவர்களிடம் இந்த இடத்தைத்தான் காட்ட விரும்புகிறேன். முன்னால் அவ்வளவு மௌனம் இல்லையென்றால் இந்தப் பாட்டுக்கு முதுகுகள் நிமிர்ந்திருக்காது.

மார்ச் 15, ஞாயிற்றுக்கிழமை

கொரோனாவால் நேற்று நள்ளிரவோடு நாடெங்கும் திரையரங்குகளை மூடிவிட்டார்கள். 

ஜூன் 27, சனிக்கிழமை

திங்களன்று அரங்குகள் திறந்தன. பழைய படங்களை மீண்டும் போடும் சிறு அரங்கு ஒன்றில் இந்தப் படம் இருப்பதைப் பார்த்துச் சித்தியே அழைத்தார். சேர்ந்து வந்தவர்களுக்கும் அடுத்தவர்களுக்கும் நடுவே ஓர் இருக்கையைக் காலியாக விட வேண்டும் என்ற விதிப்படி நாங்கள் முப்பது பேர் சிதறி உட்கார்ந்திருந்தோம்.

இறுதிக்காட்சியை இன்று எழுதுகிறேன். ஆண்டுகள் கழித்து ஓர் இசையரங்கின் எதிரெதிர் மாடங்களில் இருவரும். எலொயீஸ் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. இசையமைப்பாளர் விவால்டியின் 'கோடை' தொடங்குகிறது. மாளிகையில் ஒருநாள் மரியான் பழைய இசைக்கருவி ஒன்றில் தட்டுத்தடுமாறி அவளுக்கு வாசித்துக்காட்டிய அதே இசை, இப்போது முழு வாத்தியக் குழுவோடு. கேமரா மெல்ல அவள் முகத்தை நெருங்கி, இரண்டு நிமிடத்துக்கு மேல் அங்கேயே நிற்கிறது. அவள் மூச்சுத் திணறுகிறாள், அழுகிறாள், நடுவே சிரிப்பு வருகிறது, மறுபடி அழுகிறாள். வெட்டே இல்லை.

முதல் நாள் இருநூறு பேரிடம் கேட்ட மூச்சை இன்று முப்பது பேரிடம் தனித்தனியாகக் கேட்க முடிந்தது. ஒருவர் மூக்கை உறிஞ்சினார். ஒரு முதியவர் முன்னிருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். சித்தி வயலின்களோடு சேர்ந்து விரல்களால் கைப்பிடியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். இசை வேகமெடுத்தபோது விரல்கள் நின்றுவிட்டன.

வெளியே வந்ததும் சித்தி கைப்பையைத் திறந்து, அந்த ஸ்டூடியோ புகைப்படத்தை எடுத்துக் காட்டினார். சட்டகத்திலிருந்து கழற்றிக் கொண்டுவந்திருக்கிறார். பின்பக்கத்தில் அவருடைய கையெழுத்தில் உயரம், வயது, படிப்பு என மூன்று வரிகள் இருந்தன.

"இதை நீ வச்சுக்கோ" என்றார்.