மாரி மழைக்குள் பாலன் குடில்: மட்டக்களப்பில் நத்தார் யாத்திரை

மட்டக்களப்பில் நத்தார், அதாவது கிறிஸ்மஸ், மாரி மழையோடுதான் வரும். வடகீழ்ப் பருவமழை நவம்பரிலும் டிசம்பரிலும் கொட்டித் தீர்க்க, வாவி நிரம்பி நிற்கும். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பெரும்போக வயல் பச்சைப்பசேலென்று கிடக்கும். தாழ்ந்த பாதைகளில் தாம்போதிக்கு (தரைப்பாலத்துக்கு) மேலால் தண்ணீர் ஓடும். ஆகவே இங்கே நத்தாருக்கு வருபவர்கள் பயணத்தை மழையைப் பார்த்தே ஒழுங்கு செய்ய வேண்டும். புளியந்தீவு, கோட்டைமுனை, தாண்டவன்வெளி ஆலயங்கள் எந்த மழையிலும் எட்டும். ஆயித்தியமலை, சொறிக்கல்முனை போன்ற உட்பகுதித் திருத்தலங்களுக்கு ஒரு நாள் முன்னதாகவே பாதை நிலைமையை விசாரித்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும்.

24ஆம் திகதி இரவுக்குப் புளியந்தீவிலேயே தங்குவது நல்லது. தூய மரியன்னை பேராலயம், அந்தோனியார் ஆலயம், மெதடிஸ்த ஆலயம் எல்லாம் நடை தூரத்திலேயே இருக்கின்றன. மட்டக்களப்பு 2012இல் தனி மறைமாவட்டமானது. அதற்கு முன் திருகோணமலை-மட்டக்களப்பு என்று ஒன்றாக இருந்தது. நள்ளிரவுத் திருப்பலி என்று பெயர் இருந்தாலும் எல்லாப் பங்கிலும் சரியாகப் பன்னிரண்டுக்குத் தொடங்குவதில்லை. நேரம் பங்குக்குப் பங்கு மாறும். முந்திய ஞாயிற்றுக்கிழமை ஆலய அறிவித்தலைப் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே இடம் வேண்டுமென்றால் ஒரு மணித்தியாலம் முந்திப் போக வேண்டும். பிந்திப் போனால் முன்றலில் தகரப் பந்தலின் கீழ்தான் நிற்கலாம். மழை பெய்தால் தகரச் சத்தத்தில் பிரசங்கம் ஒரு சொல்லும் கேளாது.

2019 உயிர்த்த ஞாயிறன்று இந்த நகரின் சீயோன் தேவாலயமும் தாக்கப்பட்டது. அதற்குப் பிறகு பெருநாள்களில் வாசலில் பைகளைச் சோதிப்பது வழக்கம். பெரிய பைகளைத் தங்குமிடத்திலேயே விட்டுவிட்டு, குடை, செபமாலை, அடையாள அட்டையோடு போனால் வரிசை சீக்கிரம் நகரும். பேராலயத்துக்கு இன்னொரு வேதனையும் உண்டு. 2005 நத்தார் இரவுத் திருப்பலியின்போது நாடாளுமன்ற உறுப்பினர் யோசப் பரராஜசிங்கம் அதற்குள்ளேதான் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்த ஊரில் நத்தார் இரவு செபிப்பவர்களின் மனதில் அதுவும் இருக்கும்.

இரவுத் திருப்பலியில் இரண்டு இடங்களைத் தவறவிடாதீர்கள். நத்தாருக்கு முந்திய திருவருகைக் கால ஞாயிறுகளில் பாடாமல் விட்ட 'உன்னதங்களிலே' கீதம் அன்று திரும்பி வரும். அந்த நேரம் ஆலயமணி அடிக்கும், பீடச்சிறுவர் கைமணியை அசைப்பார்கள். அடுத்தது விசுவாசப் பிரமாணம். மற்ற ஞாயிறுகளில் 'மனிதர் ஆனார்' என்ற இடத்தில் தலை மட்டும் வணங்குவோம். நத்தாரன்று அதே வரியில் எல்லோரும் முழந்தாளிடுவார்கள். தெரியாதவர்கள் நின்றபடியே சுற்றிப் பார்ப்பதுண்டு. நற்கருணை வாங்குபவர்கள் ஒரு மணித்தியாலத்துக்கு முன்பே சாப்பாட்டை நிறுத்த வேண்டும், தண்ணீர் குடிக்கலாம். கத்தோலிக்கர் அல்லாதவர்கள் நற்கருணைக்கு வரிசையில் போகாமல் தங்கள் இடத்திலேயே இருந்துகொள்ளலாம், அதை யாரும் குறையாக எடுப்பதில்லை.

திருப்பலி முடிந்ததும் கூட்டம் குடிலுக்குத்தான் போகும். நத்தார் யாத்திரைக்கு இங்கே மையம் பாலன் குடில்தான். 1223இல் புனித பிரான்சிஸ் அசிசியார் கிரேச்சோ என்ற இத்தாலிய ஊரில் வைக்கோலும் மாடும் கழுதையும் வைத்துத் தொடங்கிய பக்தி இது. வைக்கோலும் கிடுகும் களிமண்ணும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற நம் ஊருக்கு அது வேறெங்கும் இல்லாதபடி பொருந்துகிறது. கடையில் வாங்கிய பிளாஸ்டிக் குடிலையும் பஞ்சுப் பனியையும் இங்கே வைப்பதை நாம் விரும்புவதில்லை. லூக்கா நற்செய்தியில் பனி இல்லை, பாலனைக் கிடத்திய முன்னணை (தீவனத் தொட்டி) இருக்கிறது. பஞ்சு மின்குமிழுக்குப் பக்கத்தில் இருந்தால் சட்டென்று பற்றிக்கொள்ளும் என்பது வேறு.

நல்ல குடிலை எப்படி அடையாளம் காண்பது என்றால், அதைக் கட்டும் விதம் தெரிய வேண்டும். முன்பக்கம் நாலடி, பின்பக்கம் மூன்றடி உயரத்தில் கவர்க்கம்புகள் நட்டு, கூரை பின்னால் சரியும்படி விட வேண்டும். பின்பக்கம் உயர்ந்தால் கூரை முன்னே சரிந்து சுரூபங்களின் (புனித உருவச் சிலைகளின்) முகத்தை மறைத்துவிடும். சீமெந்துத் தரையென்றால் பால்மா டின்னில் மண் நிரப்பிக் கம்பை இறுக்குவார்கள். வெளியே கட்டினால் செங்கல் அடுக்கி அரையடி உயர்த்தியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஓரிரவு மழையில் முன்னணைக்குள் தண்ணீர் நிற்கும். கூரைக்குக் கிடுகு, அதன் மேல் மெல்லியதாக வைக்கோல். பெரும்போக அறுவடை நத்தாருக்குப் பிறகுதான் வரும் என்பதால் கையில் இருப்பது சிறுபோக வைக்கோல். அதை மழை விட்ட நேரம் பார்த்து இரண்டு வெயிலாவது காயவிட வேண்டும். ஈர வைக்கோல் மூன்றாம் நாள் பூஞ்சணம் பிடித்து மணக்கும், சுரூபத்தின் வர்ணத்திலும் கறுப்புப் புள்ளி விழும். பக்கத்தில் நின்று பாடுகிற பாடகர் குழுவுக்குத் தும்மல் வேறு.

குடிலுக்கு உயிர் கொடுப்பது நெல்முளைதான். நாற்றுப் பசுமை 24ஆம் திகதி நாலு விரல் உயரத்தில் நிற்க வேண்டுமானால் 12ஆம் திகதி நெல்லை ஊறப்போட வேண்டும். ஒரு நாள் ஊறியதும் தண்ணீரை வடித்து, ஈரச்சாக்கில் கட்டி ஒன்று அல்லது இரண்டு நாள் நிழலில் வைத்தால் வெள்ளை முளை மூக்கு நீட்டும். பிறகு ஒன்றரை அங்குல மண் பரப்பிய தட்டில் நெல்லுக்கு நெல் தொடும்படி நெருக்கமாகத் தூவி, காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும். முளையை அமுக்கிக் கட்டினாலும் சாக்கு காய்ந்தாலும் பாதி நெல் முளைக்காது. இருட்டறையில் வைத்தால் வெளிறி நீண்டு சாயும், அதனால் 22ஆம் திகதி வரை வெளிச்சம் படும் விறாந்தையில் வைத்து, கோழிக்கும் எலிக்கும் வலை மூட வேண்டும். டிசம்பர் முதல் வாரத்திலேயே அவசரப்பட்டுப் போட்டவர்களின் நாற்று நத்தாருக்குள் ஒரு சாணைத் தாண்டி விழுந்துவிடும்.

மலைக்குச் சீமெந்துப் பையின் உள்தாளைக் கசக்கி, கோதுமைமாப் பசையில் ஒட்டி, கரித்தூளும் செம்மண்ணும் கரைத்துப் பூசுவார்கள். பசையில் துருசு (மயில்துத்தம்) ஒரு சிட்டிகை சேர்த்தால் பூச்சியும் பூஞ்சணமும் அண்டாது. ஆனால் அது நஞ்சு, பிள்ளைகளின் கையில் கொடுக்கக் கூடாது. வாவி ஊர்க் குடிலில் ஒரு சின்னக் குளமும் களிமண் தோணியும், இடையர் பக்கத்தில் ஓர் எருமையும் இருந்தால் இன்னும் அழகு. விளக்கென்றால் சூடாகாத எல்.ஈ.டி. சரம் மட்டும் போதும். வயர் இணைப்பு நிலத்தில் கிடக்கக் கூடாது. ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுந்தால் எங்கோ ஈரத்தில் மின் கசிகிறது என்று பொருள். சுவிட்சைக் கழற்றி நேரே கொடுப்பது உயிருக்கே ஆபத்து.

திருவருகைக் காலம் முழுக்க முன்னணை வெறுமையாகவே இருக்கும். 24ஆம் திகதி இரவுதான் பாலன் சுரூபத்தைக் குருவானவர் கொண்டுவந்து கிடத்துவார். மூன்று அரசர்கள் குடிலின் தூர மூலையில் நிற்பார்கள், ஜனவரி முதல் வாரமளவில் வரும் திருக்காட்சிப் பெருவிழா வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்ட நகர்த்துவது பழைய முறை. பாலனை முத்தி (முத்தம்) செய்யும் இடங்களில் வரிசையாகப் போய், முத்தி செய்து, ஒரு பரலோக மந்திரம், ஒரு அருள்நிறை மந்திரம், ஒரு திரித்துவத் தோத்திரம் சொல்லி விலகினால் பின்னால் நிற்பவர்களுக்கும் இடம் கிடைக்கும். படம் எடுக்க ஆசைப்படுபவர்கள் மறுநாள் பகலில் வந்து ஆறுதலாக எடுக்கலாம்.

வீடுகளின் வாசலில் தொங்கும் நட்சத்திரக் கூடு பற்றியும் சொல்ல வேண்டும். மூன்றடி மூங்கில் பத்தை பத்து. ஐந்தைந்தாக இரண்டு நட்சத்திரம் கட்டி, ஐந்து முனைகளையும் சேர்த்து இறுக்கி, உள்ளே பத்தைகள் குறுக்கறுக்கும் ஐந்து இடத்திலும் ஆறங்குலக் குச்சியை முட்டுக் கொடுத்தால் கூடு வயிறு புடைத்து நிற்கும். பச்சை மூங்கில் காயும்போது முறுகும், கட்டும் தளரும். டிஷ்யூ தாள் ஒரு தூறலுக்கும் தாங்காது, இந்த மாதத்துக்கு வர்ணப் பொலித்தீன்தான். மின்குமிழ் வயரை ஹோல்டருக்குக் கீழே ஒரு வளைவு விட்டு மேலே எடுங்கள். மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், ஹோல்டருக்குள் இறங்காது. நத்தார் மரத்துக்குச் சவுக்குக் கிளை பொருத்தமானது, ஈரமணல் வாளியில் நட்டால் ஒரு கிழமை தாங்கும். ஆனால் கடற்கரைச் சவுக்கு வரிசையில் கத்தி வைக்காதீர்கள். அவை கடலையும் காற்றையும் தடுக்க நட்ட மரங்கள். காற்றில் முறிந்து விழுந்த கிளையே போதும்.

25ஆம் திகதி காலை வேறு திருச்சபை ஆலயங்களையும் பார்க்கலாம். 1814இல் வண. வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பில் இறங்கித் தொடங்கிய மெதடிஸ்த பணி, அடுத்த ஆண்டே அவர் இறந்த பிறகும் நின்றுபோகவில்லை. அவர் தொடங்கிய பள்ளிதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. தாண்டவன்வெளி காணிக்கை மாதா ஆலயமும், ஏறாவூர்ப் பக்கம் போகும் வழியில் தன்னாமுனை ஆலயமும் நின்று செபித்துப் போக ஏற்றவை. போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர் வாழும் டச்பார், தன்னாமுனைப் பக்கங்களில் பழைய தலைமுறை இன்னும் வீட்டில் தங்கள் போர்த்துக்கேய மொழியைப் பேசுகிறது. நாம் சொல்லும் 'நத்தார்' என்ற சொல்லே போர்த்துக்கேயர் வழியாக வந்ததுதான். வயலினும் ரபான் மேளமும் சேர்ந்த அவர்களுடைய கஃபிரிஞ்ஞா ஆட்டத்தைப் பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள்.

போகிற வீடுகளில் கேக்கோடு, அச்சில் பொரித்த கொக்கிஸ் பலகாரமும் வரும். அரைக் கிலோ பச்சையரிசி மாவுக்கு ஒரு தேங்காயின் முதற்பால், ஒரு முட்டை, உப்பு, கொஞ்சம் மஞ்சள் சேர்த்துக் கரைத்து அரை மணித்தியாலம் வைப்பார்கள். கொதிக்கும் எண்ணெயில் காய்ந்த அச்சை மாவில் முக்கால் பாகம்தான் தோய்க்க வேண்டும். விளிம்பைத் தாண்டித் தோய்த்தால் கொக்கிஸ் அச்சை விட்டு வராது. அச்சு சூடாகாவிட்டால் மாவே ஒட்டாது. சூடாறாமல் டின்னில் அடைத்தால் இந்த ஈரக்காற்றில் மறுநாளே பதத்துப் போகும். அயலவருக்குத் தட்டு அனுப்புவது இங்கே கட்டாயம். முஸ்லிம் வீட்டுக்குப் போகும் தட்டில் வைன் அல்லது பிராந்தி சேர்த்த கேக் இருக்கக் கூடாது, அதற்குத் தனியாகச் செய்து வைப்பார்கள். தட்டு வெறுமையாகத் திரும்பி வராது, சீனியாவது போட்டுத்தான் தருவார்கள்.

ஆயித்தியமலை சதா சகாய மாதா திருத்தலத்துக்கு வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவு வழியாகப் போக வேண்டும். பெரும் யாத்திரை செப்டெம்பர் திருவிழாவுக்குத்தான், நத்தார் நாள்களில் அமைதியாகச் செபிக்கலாம். உன்னிச்சைக் குளத்தின் வான்கதவு திறந்திருக்கிறதென்று கேள்விப்பட்டால் அன்றைக்குப் போக வேண்டாம். அம்பாறை மாவட்டத்தில் சொறிக்கல்முனை திருச்சிலுவைத் திருத்தலமும் அப்படியே. கல்முனையிலிருந்து குறுக்கு வழி கிட்டங்கித் தாம்போதி, அது வெள்ளத்தில் மூழ்குவது வழக்கம். முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஓடும்போது மோட்டார் சைக்கிளில் இறங்குபவர்கள் இழுபட்டுப் போயிருக்கிறார்கள். சம்மாந்துறைப் பக்கமாகச் சுற்றினால் நேரம் கூடத்தான் ஆகும், ஆனாலும் அதுவே சரி. பெருநாள் உல்லாசத்துக்குக் கல்லடிப் பாலத்தில் மாலை நடை, முகத்துவாரத்தில் 1913இல் கட்டிய வெளிச்சவீடு எல்லாம் நல்லது. கடலில் மட்டும் குளிக்காதீர்கள். கிழக்குக் கடல் அமைதியாவது ஏப்ரலுக்குப் பிறகுதான்.

26ஆம் திகதியை இந்த யாத்திரையிலிருந்து பிரிக்க முடியாது. 2004இல் நத்தாருக்கு மறுநாள் காலை ஆழிப்பேரலை நாவலடி, டச்பார், கல்லடி, திருச்செந்தூர் கரைகளை வாரிக்கொண்டு போனது. நாவலடி நினைவிடத்தில் காலையிலேயே உறவுகள் கூடுவார்கள், 9.25க்கு நாடு முழுவதும் இரண்டு நிமிட மௌனம். பெருநாள் உடுப்போடு போகலாம், அது மரியாதைக் குறைவில்லை. பூவும் மெழுகுதிரியும் கொண்டு போங்கள், கடல்காற்றில் திரி அணையும் என்பதால் கண்ணாடிக் கூடு ஒன்றும் கூடவே வேண்டும். அழுகிறவர்களைப் படம் எடுக்கக் கூடாது.

குடில்கள் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை, அதாவது ஜனவரி இரண்டாம் வாரமளவு வரை, ஆலயங்களில் இருக்கும். நெரிசல் வேண்டாதவர்கள் புதுவருடத்துக்குப் பிறகு வந்தால் எல்லாக் குடிலையும் ஆறுதலாகப் பார்க்கலாம், அரசர்களும் அதற்குள் முன்னணைக்குக் கிட்ட வந்திருப்பார்கள். கழற்றும்போது சுரூபங்களை உலர்ந்த துணியால் துடைத்து, பழஞ்சேலைத் துண்டில் தனித்தனியாகச் சுற்றி, அடியில் காய்ந்த வைக்கோல் போட்ட பெட்டியில் வைக்க வேண்டும். பத்திரிகைத் தாளில் சுற்றினால் ஈரத்தில் மை ஒட்டிக்கொள்ளும். குடிலின் வைக்கோலில் பூஞ்சணம் இல்லையென்றால் மாட்டுக்குப் போடலாம். கிடுகை அடுத்த வருடத்துக்கு வைக்காதீர்கள், கறையான் வந்துவிடும்.