ஒரு டம்ளர் பச்சை

ஏப்ரல் 17, 2024
அப்பா இன்றும் இரண்டு வாய்தான். உப்பில்லாத கஞ்சியைத் தள்ளி வைத்துவிட்டு ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 18
டாக்டர் கீரையே வேண்டாம் என்று சொல்லவில்லை. கரும்பச்சைக் கீரையில் வைட்டமின் கே அதிகம், அது அப்பா சாப்பிடும் ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். முருங்கைக்கீரையை ஒருநாள் அள்ளிப் போட்டு மறுநாள் நிறுத்தினால் ஐஎன்ஆர், அதாவது ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் எண், ஏறி இறங்கும். தினமும் ஒரே அளவு. வெள்ளரியிலும் வெளிர்பச்சை லெட்டூஸிலும் வைட்டமின் கே குறைவாம்.

ஏப்ரல் 19
ஓட்டுப் போட்டு வந்தேன். அப்பா என் விரல் மையைப் பிடித்துப் பார்த்தார்.

ஏப்ரல் 20
அண்ணா நகர் உழவர் சந்தையில் வெள்ளரிப்பிஞ்சு. லெட்டூஸ் இங்கிலீஷ் காய்க் கடையில்தான் கிடைத்தது. வீடு வருவதற்குள் ஓரமெல்லாம் துவண்டுவிட்டது. ஐஸ் தண்ணீரில் கால் மணி நேரம் போட்டதும் நிமிர்ந்துகொண்டது. அப்புறம் பழைய வேட்டித் துணியில் இலை இலையாக ஒற்றி எடுத்தேன். ஈரம் இருந்தால் எண்ணெய் இலையில் ஒட்டாமல் கிண்ணத்தின் அடியில் போய் நிற்கும்.

மூன்று ஸ்பூன் எண்ணெய்க்கு ஒரு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு என்பதுதான் வழக்கமான கணக்கு. உப்பு போடக்கூடாத வீட்டில் அந்தப் புளிப்பு பத்தாது. செக்கு நல்லெண்ணெயும் சாறும் சரிபாதி வைத்தேன். மிளகு, வறுத்த சீரகப்பொடி, ஒரு சிட்டிகை கடுகுப்பொடி. கடுகு இருந்தால் இரண்டும் சீக்கிரம் பிரியாது. பாட்டிலில் போட்டுக் குலுக்கியதும் மோர் மாதிரி வெளுத்தது.

"ஒரு கல்லு உப்பு போடு தாயி."
போடவில்லை. பாதிக் கிண்ணம் சாப்பிட்டார்.

ஏப்ரல் 21
மீனாட்சி கல்யாணம். அம்மா டிவி முன்னாலேயே, அப்பா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து தாலிக்கயிறு மாற்றிக்கொண்டாள்.

ஏப்ரல் 22
ரத்தம் எடுத்துப் போனார்கள். ஐஎன்ஆர் 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டும். போன முறை 4-ஐத் தாண்டியிருந்தது, வாய் கொப்பளித்த தண்ணீரில் சிவப்பு. டம்ளரால் அளந்துதான் இலை போடுகிறேன். ஆனால் நேற்று அழுத்தி அளந்தேனா, தளர அளந்தேனா? மல்லித்தழை கூடிப்போயிருக்குமோ? மல்லி கரும்பச்சை. மணி இரண்டாகிறது, இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 23
அழகர் ஆற்றில் இறங்கிவிட்டார். "என்ன பட்டு?" என்று மட்டும் கேட்டார் அப்பா. இன்று உள்ளூர் விடுமுறை, ரிப்போர்ட் வராது.
உப்பு ஜாடியை மேல் அலமாரிக்கு மாற்றினேன்.

ஏப்ரல் 24
லேபிலிருந்து போன் இல்லை. மதியம் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் இருக்கா தாயி?" என்றார். தானாகக் கேட்கிறார்! இலை ஒரு டம்ளருக்கு மேல் கூடாது. வெள்ளரிப்பிஞ்சு மட்டும் நறுக்கிக் கொடுக்கிறேன், மிச்சமிருந்த சாற்றை மேலே ஊற்றி.